பதினான்கு பக்க ரிப்போர்ட்டும் பேருந்து டிக்கெட்டுகளும்: ஒரு நிகழ்வு ஆய்வு

"டாக்டர், எல்லாம் நார்மல்னு மட்டும் சொல்லிடாதீங்க."

நாற்காலியில் உட்காரும் முன்பே அவர் சொன்னது இது. கையிலிருந்த ஃபைலின் கனத்தைப் பார்த்ததும் ஏன் அப்படிச் சொன்னார் என்று புரிந்தது. உள்ளே மூன்று வருடத்துச் சோதனைகள். ஸ்கேனில் கர்ப்பப்பையும் சினைப்பைகளும் நன்றாக இருந்தன. ட்யூப் டெஸ்ட்டில் இரண்டு கருக்குழாய்களும் திறந்திருந்தன. கணவருக்கு 'கவுன்ட் நார்மல்'. முந்தைய மருத்துவமனையின் கடைசிச் சீட்டில் ஒரே வரி: காரணம் தெரியாத குழந்தையின்மை.

அவருக்கு 31 வயது. தஞ்சாவூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. திருமணமாகி நான்கு வருடம், குழந்தை வேண்டும் என்று இருக்கத் தொடங்கி மூன்று வருடம். கணவருக்கு 35. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். இவர் இங்கே மாமனார், மாமியாருடன். இருவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

'காரணம் தெரியாத' என்பதற்கு மருத்துவத்தில் ஒரு பொருள் உண்டு. ஒரு வருடம் முயன்றும் கரு தங்கவில்லை, ஆனால் பெண்ணுக்குக் கருமுட்டை வெளிவருகிறது, கருக்குழாய் திறந்திருக்கிறது, ஆணின் விந்தணுச் சோதனையும் சரி. இந்த மூன்றையும் பார்த்து முடித்த பிறகே அப்படி எழுத வேண்டும். குழந்தைக்காகச் சிகிச்சைக்கு வரும் தம்பதிகளில் 30 சதவீதம் வரை இந்தப் பெயரோடு நிற்கிறார்கள். மருத்துவர்களுக்கு இது ஒரு வகைப்பாடு. இவருக்கு அது வீட்டில் போய்ச் சொல்ல முடியாத ஒரு பதில். "நோய்னு ஒண்ணு இருந்தா மாத்திரை சாப்பிடுறேன்னு அத்தைகிட்ட சொல்லலாம். ஒண்ணுமே இல்லன்னா என்னன்னு சொல்றது?" என்று கேட்டார்.

திருக்கருகாவூர் நெய்யை 48 நாள் சாப்பிட்டு முடித்திருந்தார். உடன் வேலை பார்க்கும் ஆசிரியையின் வளைகாப்புக்கு எல்லோரையும் கூப்பிட்டவர்கள் இவரிடம் மட்டும் தயங்கியிருக்கிறார்கள். அந்த வாரத்தில்தான் இணையத்தில் தேடி, 'ஹோலிஸ்டிக் ஹார்மோன் டெஸ்ட்' என்ற தொகுப்புக்குப் பணம் கட்டினார். அவருடைய ஒரு மாதச் சம்பளத்தை விடக் கொஞ்சம் அதிகம்.

ஏன் அங்கே போனீர்கள் என்று கேட்டேன். குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை, எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அந்த ஆலோசகர் வீடியோவில் ஒன்றேகால் மணி நேரம் பேசியிருக்கிறார். எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், என்ன சாப்பிடுகிறீர்கள், வீட்டில் நிம்மதியாக இருக்கிறீர்களா என்றெல்லாம் கேட்டிருக்கிறார். "மூணு வருஷத்துல என்னைப் பத்தி யாரும் அப்படிக் கேட்டதில்ல டாக்டர்." அந்த ரிப்போர்ட்டைப் பற்றி நான் கீழே சொல்லப்போவதெல்லாம் இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொண்டுதான். என்னைப் போன்ற மருத்துவர்கள் ஐந்து நிமிடத்தில் சீட்டு எழுதி அனுப்பிய இடத்தில்தான் அந்த ஒன்றேகால் மணி நேரம் விலைபோயிருக்கிறது.

ரிப்போர்ட்டில் என்ன இருந்தது

பதினான்கு பக்கம், வண்ண வரைபடங்களோடு. சோதனைக் குழாய்கள் கூரியரில் வந்திருக்கின்றன. ஒரே நாளில் நான்கு வேளை எச்சில், தாளில் நனைத்துக் காயவைத்த சிறுநீர், வீட்டுக்கே ஆள் வந்து எடுத்த ரத்தம். எல்லாம் மாதவிடாய் தொடங்கிய 21ஆம் நாளில். முடிவுகள்: கருமுட்டை வெளிவந்த பிறகு கூடும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் மிகக் குறைவு, அதனால் 'ஈஸ்ட்ரோஜன் ஆதிக்கம்'. அட்ரினல் சுரப்பி சுரக்கும் ஹார்மோனான கார்டிசால் காலையில் சற்றுக் குறைவு, அதனால் 'அட்ரினல் களைப்பு'. தாய்ப்பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் 46, அதிகம். சினைப்பையில் உள்ள முட்டை இருப்பைக் காட்டும் ஹார்மோனான ஏஎம்ஹெச் 1.6, 'கருமுட்டை இருப்பு சரிந்து வருகிறது'.

இதற்கென்று ஐந்து பொருட்கள் தந்திருந்தார்கள். அமுக்கரா கிழங்குச் சத்து, அதாவது அஸ்வகந்தா, மாத்திரையாக. மெக்னீசியம், மீன் எண்ணெய், தோலில் தடவும் புரோஜெஸ்டிரோன் கிரீம். முடி கொட்டுகிறது என்று சொன்னதால் ஒரு 'ஹேர்' மாத்திரை. மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை. இந்த முறை தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்ஹெச் 0.09, மிகக் குறைவு. தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 அதிகம். தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்று சொல்லி வேறொரு மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறார்கள். தைராய்டை அடக்க அவர் எழுதிக் கொடுத்த கார்பிமசோல் மாத்திரை பிரிக்கப்படாத அட்டையாகவே கைப்பையில் இருந்தது. சாப்பிடலாமா என்று கேட்கத்தான் உண்மையில் என்னிடம் வந்திருந்தார்.

தைராய்டு

அவசரம் அதுதான் என்பதால் அதிலிருந்து தொடங்கினேன். நாடி நிமிடத்துக்கு 76. கை நடுக்கம் இல்லை, எடை குறையவில்லை, படபடப்பு இல்லை, கழுத்தில் வீக்கம் இல்லை. டிஎஸ்ஹெச் அந்த அளவுக்கு அடங்கிய ஒருவர் பெரும்பாலும் இப்படி அமைதியாக உட்கார்ந்திருக்க மாட்டார்.

'ஹேர்' மாத்திரை டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பயோட்டின் 10 மில்லிகிராம். ஒரு வளர்ந்த மனிதருக்கு ஒரு நாளைக்குத் தேவை 30 மைக்ரோகிராம்தான். அதில் முந்நூறு மடங்குக்கு மேல் தினமும் போயிருக்கிறது. பயோட்டினால் உடம்புக்குப் பெரிய கெடுதல் இல்லை, கெடுதல் பரிசோதனை இயந்திரத்துக்கு. பல லேப் இயந்திரங்கள் ஹார்மோனைப் பிடித்து அளப்பதற்குப் பயோட்டினையும், அதோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு புரதத்தையும் கொக்கி போலப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் பயோட்டின் நிறைய மிதந்தால் அந்தக் கொக்கிகளை அதுவே அடைத்துக்கொள்ளும். டிஎஸ்ஹெச் சோதனையில் அளவு பொய்யாகக் குறையும், டி4 சோதனையின் அமைப்பு வேறு என்பதால் அதில் பொய்யாகக் கூடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அசல் தைராய்டு நோய் மாதிரியே தெரியும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017 நவம்பரில் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. பயோட்டினால் இதயச் சோதனையின் அளவு பொய்யாகக் குறைந்து ஒருவர் இறந்ததையும் அதில் குறிப்பிட்டிருந்தார்கள்.

அஸ்வகந்தாவும் தைராய்டு ஹார்மோனை உண்மையிலேயே கூட்டக்கூடியது. இரண்டு மாத்திரைகளையும் நிறுத்திவிட்டுப் பார்த்தால், எண் சரியானதற்கு எது காரணம் என்று தெரியாது. அதனால் எதையும் நிறுத்தும் முன், அன்று எடுத்த ஒரே ரத்தத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு லேப்புக்கு அனுப்பினேன். ஒன்று பயோட்டின் முறை இயந்திரம், மற்றொன்று அந்த முறையே இல்லாதது. முதலாவதில் டிஎஸ்ஹெச் 0.11. இரண்டாவதில் 2.2, இயல்பான அளவு. ஒரே கை, ஒரே ஊசி, ஒரே காலை நேரம்.

கார்பிமசோல் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டேன். கருவின் ஆரம்ப வாரங்களில் அந்த மருந்து குழந்தையின் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. இல்லாத நோய்க்கு அதை எடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இவருக்கு நாள் தள்ளிப்போயிருந்தால்? எனக்குக் கோபம் வந்தது. ஒரு எண்ணைப் பார்த்தவர்கள் நாடியைத் தொட்டுப் பார்க்கவில்லை, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றும் கேட்கவில்லை.

இருபத்தொன்றாம் நாள்

மாதவிடாய்த் தேதிகளைக் கேட்டேன். பள்ளி டைரியின் கடைசிப் பக்கங்களில் மூன்று வருடத்துத் தேதிகளையும் குறித்து வைத்திருந்தார். 34 நாள், 36, 35, 33, 35. மிக ஒழுங்கான சுழற்சி, ஆனால் நீளமானது. முந்தைய ஃபைலில் 'பீரியட்ஸ் ரெகுலர்' என்று மட்டும் இருந்தது.

21ஆம் நாள் புரோஜெஸ்டிரோன் என்பது 28 நாள் சுழற்சிக்கான கணக்கு. கருமுட்டை வெளிவந்து ஒரு வாரம் கழித்து, அதாவது அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் ஏழு நாள் முன்பு, அந்த ஹார்மோன் உச்சத்தில் இருக்கும். அப்போது அளப்பதற்காக ஏற்பட்ட நாள் அது. 35 நாள் சுழற்சியில் 21ஆம் நாள் என்றால் கருமுட்டை அப்போதுதான் வெளிவரும் நேரம். அந்த நாளில் ஈஸ்ட்ரோஜன் தூக்கலாகவும் புரோஜெஸ்டிரோன் குறைவாகவும் இருப்பது இயற்கை. 'ஈஸ்ட்ரோஜன் ஆதிக்கம்' என்று இரண்டு பக்கத்துக்கு எழுதப்பட்டிருந்தது இதைத்தான்.

கிரீமை நிறுத்தச் சொல்லி, அடுத்த சுழற்சியின் 28ஆம் நாளில் ரத்தம் எடுத்தேன். புரோஜெஸ்டிரோன் 11.4 நானோகிராம். மூன்றுக்கு மேல் இருந்தாலே கருமுட்டை வெளிவந்திருக்கிறது என்று பொருள். மூன்றுக்கு மேல் எவ்வளவு என்பதற்கு நான் முக்கியத்துவம் தருவதில்லை. இந்த ஹார்மோன் அலை அலையாகச் சுரப்பது, ஒரே நாளில் சில மணி நேர இடைவெளியில் பல மடங்கு ஏறி இறங்கும்.

மற்ற எண்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். புரோலாக்டின் 46க்குக் காரணம் அவர் நெஞ்செரிச்சலுக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தினமும் விழுங்கிவந்த மாத்திரை. நம் ஊரில் கேஸ் மாத்திரை என்று தாராளமாக விற்பனையாகும் அந்த வகையில் டோம்பெரிடோன் கலந்திருக்கும், அது புரோலாக்டினைக் கூட்டும். நிறுத்திப் பத்து நாளில் 17க்கு வந்தது. ஏஎம்ஹெச் 1.6 என்பதில் நான் கவலைப்படவில்லை. டியூப் பேபி சிகிச்சையில் எத்தனை முட்டை கிடைக்கும் என்று கணிக்க உதவும் எண் அது. இயல்பாகக் கரு தங்குமா என்பதை அது சொல்வதில்லை. 2017இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஆய்வில் 30 முதல் 44 வயது வரையான 750 பெண்களைப் பார்த்தார்கள். ஏஎம்ஹெச் குறைந்தவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே கரு தங்கியது.

'அட்ரினல் களைப்பு' என்ற சொல் மட்டும் அவரிடம் ஆழமாக ஒட்டிக்கொண்டிருந்தது. "நான் எப்பவும் களைப்பாத்தானே டாக்டர் இருக்கேன், அது மட்டும் கரெக்ட்தானே?" களைப்பு நிஜம். கார்டிசால் சோதனையும் நிஜமான சோதனைதான், நள்ளிரவு எச்சிலில் அதை அளந்து, கார்டிசால் அளவுக்கு மீறும் குஷிங் நோயைக் கண்டுபிடிக்கிறோம். ஆனால் அட்ரினல் களைப்பு என்று ஒரு நோய் இருப்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 2016இல் பிரேசில் ஆய்வாளர்கள் 58 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துவிட்டு அதைத்தான் சொன்னார்கள். இவருடைய கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் 9.6. ஃபெரிட்டின் 8. உடம்பில் இரும்புச்சத்து கிட்டத்தட்ட வற்றிவிட்டது. காலை நாலரைக்கு எழுந்து இரண்டு வேளைச் சமையலையும் முடித்து, பேருந்தில் நின்றுகொண்டே பள்ளிக்குப் போய், நாள் முழுக்க நின்று பாடம் எடுக்கும் ஒருவருக்கு இந்த ரத்தத்தோடு களைப்பு வராமல் என்ன செய்யும்? பதினான்கு பக்கத்தில் ஃபெரிட்டின் இல்லை. பிள்ளை தங்காததற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தாயாகப் போகும் ஒருவருக்கு முதலில் சரிசெய்ய வேண்டியது இது.

ஐரோப்பாவின் இனப்பெருக்க மருத்துவச் சங்கமான எஷ்ரே 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், காரணம் தெரியாத குழந்தையின்மையில் மாதவிடாய் ஒழுங்காக வரும் பெண்களுக்கு வழக்கமாகப் புரோலாக்டினோ ஏஎம்ஹெச்சோ பார்க்கத் தேவையில்லை, டிஎஸ்ஹெச் பார்ப்பது நல்லது என்றிருக்கிறது. சோதனை கூடக் கூட, ஏதாவது ஒன்று எல்லைக்கு வெளியே விழும் வாய்ப்பும் கூடும். விழுந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு மாத்திரை வரும். இவருக்கு அந்த மாத்திரைகளில் ஒன்றே அடுத்த பொய்யான எண்ணை உண்டாக்கியது.

கணவரும் காலண்டரும்

'ஹோலிஸ்டிக்' என்றால் முழுமையாகப் பார்ப்பது. அந்தத் தொகுப்பில் கணவரைப் பற்றி ஒரு வரி இல்லை. எங்கள் தரப்பு ஃபைலிலும் மூன்று வருடம் பழைய ஒரே ஒரு சீட்டு, அதில் எண்ணிக்கை மட்டும். விந்தணு எப்படி நகர்கிறது என்பது எழுதப்படவே இல்லை. அதாவது, 'காரணம் தெரியாத' என்று எழுதும் தகுதியே அந்த ஃபைலுக்கு அன்று இல்லை.

கணவரிடம் போனில் பேசினேன். "நான் அப்பவே குடுத்துட்டேனே மேடம், நார்மல்னு சொன்னாங்களே" என்றார். குரலில் சங்கடம். அடுத்த முறை ஊருக்கு வந்தபோது வந்தார். புதிய சோதனையில் எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 11 மில்லியன். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் எல்லை 16. இரண்டு மாதம் முன்பு டெங்கு வந்து ஐந்து நாள் காய்ச்சலில் கிடந்ததாகச் சொன்னார். விந்தணு உருவாகச் சுமார் இரண்டரை மாதம் ஆகும். இன்றைய சோதனை அன்றைய காய்ச்சலைத்தான் காட்டுகிறது என்று சொல்லி, மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னேன். அப்போது 34 மில்லியன், நகர்வும் சரி. ஒரு சோதனையோடு நிறுத்தியிருந்தால் பழி முழுக்க அந்த மனிதர் மேல் இறங்கியிருக்கும்.

அவர் முதலில் வந்த அன்றுதான் நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. எந்தெந்தத் தேதியில் ஊரில் இருந்தீர்கள்?

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சனிக்கிழமை காலை வந்து ஞாயிறு இரவு கிளம்புவார். சரியான தேதிகள் நினைவில்லை. அப்புறம் அவரே போனை எடுத்து, பேருந்து டிக்கெட் பதிவு செய்த குறுஞ்செய்திகளைத் தேடினார். மனைவி பள்ளி டைரியைத் திறந்தார். மேசையில் காலண்டரை விரித்து இரண்டையும் குறித்தோம். கடைசி பத்து சுழற்சிகள். 1995இல் வில்காக்ஸ் குழு 221 பெண்களிடம் செய்த ஆய்விலிருந்து நமக்குத் தெரியும்: கரு தங்குவது கருமுட்டை வெளிவரும் நாளையும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களையும் சேர்த்து, ஆறே நாளில்தான். இவருக்கு அது ஏறக்குறைய 16 முதல் 21ஆம் நாள் வரை. போனிலிருந்த செயலியோ 14ஆம் நாளைச் சுற்றித்தான் பூப்போட்டுக் காட்டிவந்திருக்கிறது. ஷிப்ட் மாற்றத்தால் வர முடியாமல் போன வாரங்களையும் கழித்துப் பார்த்தால், பத்தில் மூன்று சுழற்சிகளில்தான் அந்த ஆறு நாளில் அவர் ஊரில் இருந்திருக்கிறார்.

இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. "அப்போ மூணு வருஷம்னு சொல்றது..." என்று தொடங்கிய அவர் முடிக்கவில்லை. மனைவி அழுதார். அது துக்கமா ஆறுதலா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை.

பிறகு

இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம். மற்ற மாத்திரைகள் எல்லாம் நிறுத்தம். கருமுட்டை வெளிவரச் சற்று முன் கூடும் எல்ஹெச் ஹார்மோனைச் சிறுநீரில் பார்க்கும் கிட் வைத்து நாளைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டார். கணவர் வார விடுப்பை மாற்றிக் கேட்டார், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று காரணம் சொல்லி. உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை என்றார்.

அவருடைய இரண்டாவது விந்தணுச் சோதனைக்குப் பிறகு நான்கு சுழற்சிகள் முயன்றார்கள், தங்கவில்லை. மூன்றாவது மாதத்திலேயே, அந்த நாட்கள் இருவருக்கும் பரீட்சை மாதிரி ஆகிவிட்டது என்று தயங்கிச் சொன்னார். கிட்டைக் கையில் கொடுக்கும்போதே நான் எச்சரித்திருக்க வேண்டிய விஷயம் இது. ஒரு மாதம் எதையும் பார்க்காமல் இருக்கச் சொன்னேன்.

அப்புறம் கருமுட்டை வளரத் தூண்டும் லெட்ரோசோல் மாத்திரையோடு ஐயுஐ, அதாவது விந்தணுவை நேராகக் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் சிகிச்சை. நியூசிலாந்தில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு எனக்கு இதில் துணை. காரணம் தெரியாத தம்பதிகளில் மூன்று சுழற்சி மருந்தும் ஐயுஐயும் செய்தவர்களில் 31 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது, காத்திருந்தவர்களில் 9 சதவீதம் பேருக்கு. அங்கே கொடுத்தது பெரும்பாலும் கருமுட்டையைத் தூண்டும் இன்னொரு மாத்திரையான குளோமிஃபீன், நான் கொடுத்தது லெட்ரோசோல். அந்த வித்தியாசத்தையும் அவர்களிடம் சொன்னேன். முதல் முறை பலிக்கவில்லை. இரண்டாவது முறை நாள் தள்ளிப்போனது.

எது பலன் தந்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஐயுஐயாக இருக்கலாம். இருவரும் ஒரே ஊரில் சரியான நாளில் இருந்ததாக இருக்கலாம். இன்னும் இரண்டு மாதம் விட்டிருந்தால் தானாகவே தங்கியிருக்கவும் கூடும். தைராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தங்கவில்லை என்பதில் மட்டும் எனக்கு நிச்சயமான நிம்மதி.

இப்போது 26 வாரம். போன வாரம் வந்தபோது ஹீமோகுளோபின் 11.3. பதினான்கு பக்க ரிப்போர்ட் இன்னும் ஃபைலில் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் மேலும் அது சுழற்சியின் எத்தனையாவது நாள், அன்று என்னென்ன மாத்திரை என்று பென்சிலால் அவரே எழுதி வைத்திருக்கிறார். தைராய்டு பார்க்க ரத்தம் எடுக்கச் சொன்னேன். எழுந்தவர் திரும்பி, பையிலிருந்து ஒரு சத்து மாத்திரை டப்பாவை எடுத்தார். உடன் வேலை பார்க்கும் ஆசிரியை வாங்கிக் கொடுத்ததாம். பின்பக்கத்து எழுத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

"பயோட்டின் இருக்கு டாக்டர். ஆனா முப்பது மைக்ரோகிராம்தான், பாத்துட்டேன். இருந்தாலும் ரத்தம் குடுத்துட்டு அப்புறமாவே ஆரம்பிக்கிறேன்."